கேள்வி–பதில்: நிரல் சொல்லாததை யார் எழுதி வைப்பது?

இயற்கை நிகழ்வுகளைக் கணினியில் கணக்கிடும் திறமூல அறிவியல் மாடல்களை எழுதுகிறவர்கள், பராமரிக்கிறவர்கள், வேறு யாரோ எழுதிவிட்டுப் போனதைச் சுமக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் வருகின்றன. எல்லாமே டெவலப்பர்களுக்கான ஆவணம் எழுதுவது பற்றியவை. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும், ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் எழுதிய மாடல் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ‘இதைப் பொதுவில் வெளியிடப் போகிறோம், நீ ஆவணம் எழுது’ என்கிறார் என் நெறியாளர். ஏகப்பட்ட கோப்புகள். எங்கிருந்து தொடங்குவது?

முதல் கோப்பைத் திறந்து முதல் சப்ரூட்டீனுக்கு (நிரலின் தனிப் பகுதிக்கு) விளக்கம் எழுத உட்காராதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள், கால்வாசி தாண்டுவதற்குள் களைத்து நிறுத்திவிடுகிறார்கள், அதுவரை எழுதியதும் ‘இது அழுத்தத்தைக் கணக்கிடுகிறது’ என்கிற மாதிரி, சப்ரூட்டீனின் பெயரைப் படித்தாலே தெரிந்துவிடுகிற வரிகளாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாக, சிறிய உள்ளீடு ஒன்றை எடுத்து மாடலை ஒருமுறை ஓட விடுங்கள். எந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, தொடக்க மதிப்புகள் எங்கே போய் உட்காருகின்றன, ஒரு டைம் ஸ்டெப்புக்குள் (மாடல் ஒரே தாவலில் கடக்கும் காலத் துண்டுக்குள்) எது முதலில் எது பின்னால் நடக்கிறது, விடை எப்போது கோப்பில் எழுதப்படுகிறது என்று ஓட்டத்தோடு கூடவே போய் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். புதிதாக வருகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறில்லை. இந்த வரிசையிலேயே இயற்பியல் ஒளிந்திருக்கிறது. மழை நீரைச் சேர்த்த பிறகு ஆவியாதலைக் கழிப்பதும், கழித்துவிட்டுச் சேர்ப்பதும் வறண்ட மண்ணில் ஒரே விடையைத் தருவதில்லை. எழுதியவர் யோசித்துத்தான் இந்த வரிசையை வைத்தாரா, கை போன போக்கில் வைத்தாரா என்பதை நிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் ஒரு மாறிகள் அட்டவணை. சமன்பாட்டில் என்ன குறியீடு, நிரலில் என்ன பெயர், அலகு என்ன, கணக்குக்காக நிலத்தைப் பிரித்த சிறு கட்டத்தின் நடுவில் உள்ள மதிப்பா விளிம்பில் உள்ள மதிப்பா, நேர்க்குறி எந்தத் திசை. இந்தக் கடைசி விஷயத்தை எழுத எல்லோரும் மறக்கிறார்கள். பலரும் பயன்படுத்தும் நிலத்தடி நீர் மாடலான மோட்ஃப்ளோவில் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதை எதிர்க்குறியோடு கொடுக்க வேண்டும், உள்ளே செலுத்துவது நேர்க்குறி. உங்கள் மாடலில் இது தலைகீழாக இருந்தால், மோட்ஃப்ளோவில் பழகிய ஒருவர் அதே உள்ளீட்டை உங்களுடையதில் கொடுத்து, வற்ற வேண்டிய நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார்.

இன்னொன்று, உங்களுக்கே புரியாத இடங்கள். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், ‘இந்த 0.85 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். அந்த வரி நிரலில் எந்த கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) நுழைந்தது என்று பதிப்பு வரலாற்றில் தேடிப் பாருங்கள், சில சமயம் அந்த கமிட்டின் செய்தியிலேயே பதில் இருக்கும். எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் ‘மாடலைக் கொஞ்சம் விளக்க முடியுமா’ என்று கேட்டால் பதில் வராது. வேலை மாறிப் போனவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. ‘இந்தக் கோப்பில் இந்த வரியில் உள்ள எண் அளந்ததா, அளவீட்டோடு பொருந்த வைத்ததா?’ என்று ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக அனுப்பினால் பெரும்பாலும் பதில் வரும்.

கேள்வி: எங்கள் மாடலின் சமன்பாடுகள் எல்லாம் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் இருக்கின்றன. ‘கட்டுரையைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது. கட்டுரையில் இருப்பது நீங்கள் தீர்க்க நினைத்த சமன்பாடு. நிரல் தீர்ப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று. தொடர்ச்சியான சமன்பாட்டைக் கட்டங்களாக உடைக்கிறீர்கள், எந்த முறையில் உடைத்தீர்கள், விடையைப் படிப்படியாக நெருங்கும் மறுசெய்கை எப்போது நிற்கும், ஒரு விடையில் ஒருங்காவிட்டால் நிரல் நின்றுவிடுமா அல்லது கடைசியாகக் கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே போய்விடுமா, இதற்கெல்லாம் கட்டுரையில் இடம் இருப்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். கரைசலின் செறிவு எங்கேயாவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யமாக்கிவிடும் ஒரு வரி பல மாடல்களில் இருக்கிறது. அந்த வரி ஓடும் ஒவ்வொரு முறையும் இல்லாத நிறை கொஞ்சம் புதிதாகப் பிறக்கிறது. கட்டுரை நிறை அழியாது என்று நிறுவியிருக்கும், நிரலோ சத்தமில்லாமல் அதை மீறிக்கொண்டிருக்கும். இது தவறு என்று சொல்லவில்லை, பல சமயம் வேறு வழியும் இல்லை. ஆனால் எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் நிறைக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடித் தேடி ஓய்ந்துபோவார்.

கட்டுரை அச்சான நாளோடு உறைந்துவிடுகிறது, நிரல் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது இரண்டாவது காரணம். அதை விளக்க வேண்டியதில்லை.

இதை ஒழுங்காகச் செய்த ஒரு பழைய உதாரணத்தைப் பார்க்க விரும்பினால் மோட்ஃப்ளோவின் 1988ஆம் ஆண்டு அறிக்கையை எடுத்துப் படியுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக மெக்டொனால்டும் ஹார்பாவும் எழுதியது. நிறை அழியாமையில் தொடங்கிக் கட்டச் சமன்பாட்டை வருவித்து, அந்தச் சமன்பாட்டின் எந்தப் பகுதி எந்த மாட்யூலில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டி, ஒவ்வொரு மாட்யூலுக்கும் விளக்கம், ஓட்டப்படம், நிரல், மாறிகளின் பட்டியல் என்று கொடுத்திருக்கிறார்கள். மோட்ஃப்ளோ இத்தனை வருடம் நிலைத்ததற்கும், சம்பந்தமே இல்லாத பலர் அதற்குப் புதிய பகுதிகளை எழுதிச் சேர்க்க முடிந்ததற்கும் அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: நல்ல நிரலுக்கு விளக்கமே தேவையில்லை, படித்தாலே புரிய வேண்டும் என்கிறார் எங்கள் குழுவில் ஒரு மென்பொருள் பொறியாளர். அறிவியல் மாடல்களுக்கும் இது பொருந்துமா?

பாதி பொருந்தும். மாறிக்கு நல்ல பெயர் வைப்பது, நீளமான சப்ரூட்டீனை உடைப்பது, இதெல்லாம் அவர் சொல்வது போலவே செய்யுங்கள், அதில் சண்டை வேண்டாம். ஆனால் எவ்வளவு சுத்தமாக எழுதினாலும் நிரல் தான் என்ன செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஏன் அப்படிச் செய்கிறது, எதுவரை அதை நம்பலாம் என்று சொல்லாது.

நிறைவுற்ற நீராவி அழுத்தத்தைக் கணக்கிட 0.6108, 17.27, 237.3 என்ற மூன்று எண்களைக் கொண்ட சூத்திரம் ஒன்று உண்டு. வானிலை, பாசனம், பயிர் மாடல்கள் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். வெப்பநிலையை செல்சியஸில் கொடுத்தால் அழுத்தம் கிலோபாஸ்கலில் வரும். மூன்றே எண்கள், ஒரே வரி, படித்தாலே புரிகிறது. ஆனால் இது நீர்ப்பரப்புக்கான சூத்திரம். பனிக்கட்டிப் பரப்புக்கு 21.875, 265.5 என்று வேறு எண்கள் வேண்டும். உங்கள் மாடலை ஒருவர் பனி மூடிய நிலத்துக்கு எடுத்துப் போய் மைனஸ் 20 டிகிரியில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. விடை வரும், பார்க்க நியாயமாகவும் இருக்கும், ஆனால் பனிப் பரப்புக்கு வர வேண்டியதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகமாக இருக்கும். ‘நீர்ப்பரப்புக்கு மட்டும், உறைநிலைக்குக் கீழே பனியின் மீது பயன்படுத்த வேண்டாம்’ என்ற ஒரு வரி அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இந்த வரியை எந்த மாறிப் பெயருக்குள்ளும் அடைக்க முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு மதிப்பு மிகச் சிறிதாகிவிடாமல், ஏதோ ஒரு குட்டி எண்ணுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும் வரி எல்லா மாடலிலும் இருக்கும். அது பூஜ்யத்தால் வகுக்காமல் இருப்பதற்கான பாதுகாப்பா, அல்லது இயற்கையிலேயே அந்த அளவுக்குக் கீழே போகாது என்பதாலா? முதலாவது என்றால் பின்னால் வருகிறவர் தாராளமாக மாற்றலாம். இரண்டாவது என்றால் தொடவே கூடாது. இரண்டும் நிரலில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகவே உங்கள் பொறியாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நிரலில் நேரடியாக எழுதப்பட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் அது அளந்ததா, கோட்பாட்டிலிருந்து வந்ததா, விடை பொருந்துவதற்காகத் திருகியதா என்று நிரலை மட்டும் படித்துச் சொல்ல முடியுமா? அவர் நேர்மையான ஆளாக இருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொள்வார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் முழு நிரலையும் கொடுத்து ஆவணம் எழுதச் சொல்லலாமா?

நிரல் என்ன செய்கிறது என்பதை விவரிக்கும் பகுதிக்குத் தாராளமாக உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த சப்ரூட்டீன் எதை அழைக்கிறது, என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்பதையெல்லாம் வேகமாக எழுதிக் கொடுத்துவிடும், நீங்கள் சரிபார்த்தால் போதும்.

ஏன் என்ற கேள்விக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன குட்டி எண்ணுக்குக் காரணம் கேட்டால் ஒரு காரணம் சொல்லும், நம்பும்படியாகவும் சொல்லும். அந்தக் காரணம் நிரலில் இல்லை, எழுதியவரின் தலையில் இருந்தது. அப்படி வந்த காரணத்தை ஆவணத்தில் போட்டுவிட்டால் நிலைமை ஆவணமே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அதற்குப் பிறகு யாருமே அதைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஆவணத் தளம் உருவாக்கும் கருவிகள்: ஸ்ஃபிங்ஸ், டாக்ஸிஜன், ஃபோர்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

நிரல் பைத்தான் என்றால் ஸ்ஃபிங்ஸ். சி++ என்றால் டாக்ஸிஜன், 1997இலிருந்து இருக்கிறது, நிலையானது. நவீன ஃபோர்ட்ரான் என்றால் அதற்கென்றே எழுதப்பட்ட ஃபோர்டைப் பாருங்கள். மூன்றிலும் சமன்பாடுகளை ஒழுங்காகக் காட்ட வழி இருக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நாளைக்கு மேல் செலவழிக்காதீர்கள். அழகான தளம் அமைத்துவிட்டு உள்ளே சப்ரூட்டீன் பெயர்களின் பட்டியல் மட்டும் இருக்கும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. தானாக உருவாகும் அந்தப் பட்டியலை ஆவணம் என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தக் கருவிகளால் வரும் ஒரே ஆபத்து.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் கணக்குகளுக்கான நம்பை திட்டம் வகுத்திருக்கும் டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) வடிவத்தைப் பின்பற்றுங்கள். அதில் உள்ளீடு, வெளியீடு போக, குறிப்புகள், மேற்கோள், உதாரணம் என்று தனித்தனி இடம் உண்டு. அந்தக் குறிப்புகள் பகுதிதான் அனுமானங்களை எழுத வேண்டிய இடம், பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பயனர் கையேடு எழுதி முடித்துவிட்டோம். டெவலப்பர் கையேடு என்று தனியாக வேண்டுமா? அதில் என்னதான் எழுதுவது?

வேண்டும். மாடலை ஓட்டுகிறவரும் மாடலை மாற்றுகிறவரும் வேறு வேறு கேள்வியோடு வருகிறார்கள். ஆவணங்களை, கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் தகவல், பின்னணி விளக்கம் என்று நான்காகப் பிரிக்கும் டயாடாக்ஸிஸ் என்ற முறையை டேனியேல் ப்ரோசிடா முன்வைத்தார், இப்போது பல திட்டங்கள் அதைப் பின்பற்றுகின்றன. நான்கையும் எழுதத் தெம்பில்லை என்றால் டெவலப்பர்களுக்கு வழிமுறையையும் பின்னணி விளக்கத்தையும் முதலில் எழுதுங்கள் என்பேன்.

வழிமுறை என்று வரும்போது ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாடலில் ஒரு புதிய செயல்முறையைச் சேர்க்க ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும்? புதிய வேதிவினை, புதிய பயிர், புதிய விசை, உங்கள் துறையில் எதுவோ அது. எந்தக் கோப்பை நகலெடுத்துத் தொடங்கலாம், எங்கே பதிவு செய்ய வேண்டும், உள்ளீட்டுக் கோப்பில் அதன் பெயர் எப்படி வரும், மாடலின் நிலையை எங்கிருந்து படிக்கலாம், எதை மட்டும் மாற்ற அனுமதி, எல்லாவற்றையும் ஒரு கற்பனையான எளிய செயல்முறையை வைத்துத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்து காட்டுங்கள். மூலக்கூறு இயக்கத்துக்கான லாம்ப்ஸ் மென்பொருளின் கையேட்டில் இப்படிப் புதியதைச் சேர்ப்பது பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. வெளியிலிருந்து பலர் அதற்குப் பங்களித்திருப்பதைப் பார்த்தால் அந்த உழைப்பு வீண் போகவில்லை என்று தெரியும்.

இரண்டு விஷயங்கள் எப்போதும் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்குவதற்கான கோப்பு. நீங்கள் சேர்த்த புதிய மாறி அந்தக் கோப்பில் எழுதப்படாவிட்டால், நேராக ஓடினால் ஒரு விடை, நிறுத்தித் தொடங்கினால் இன்னொரு விடை. இது பல நாள் கழித்துத்தான் வெளியே வரும். இன்னொன்று, பரிசோதனையில் எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பது. கடைசி பிட் வரை அப்படியே பொருந்த வேண்டுமா, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மாறினால் ஒன்பதாவது தசமத்தில் மாறுவதை ஏற்றுக்கொள்ளலாமா? இதை எழுதி வைக்காத திட்டங்களில் புதிதாக வந்தவர் தன் கணினியில் பரிசோதனை தோற்றதும் தான் ஏதோ கெடுத்துவிட்டதாக நினைத்து ஓடிவிடுகிறார்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் சிரமப்பட்டு ஆவணம் எழுதினேன். இன்று அதில் பாதி தவறு. நிரல் மாறிவிட்டது. திரும்ப எழுத மனமே வரவில்லை.

உங்கள் சலிப்பு நியாயமானது. இதை மன உறுதியால் தீர்க்க முடியாது, ஏற்பாட்டை மாற்றித்தான் தீர்க்க முடியும்.

ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கட்டும், வேறெங்கோ தனித் தளத்தில் வேண்டாம். நிரலின் நடத்தையை மாற்றும் புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) ஆவண மாற்றமும் சேர்ந்து வராவிட்டால் ஏற்றுக்கொள்வதில்லை என்று விதி வையுங்கள், அதை உங்களுக்கும் சேர்த்தே வையுங்கள். ஆவணத்தில் உள்ள உதாரணங்கள் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் தானாக ஓட வேண்டும். பைத்தானில் டாக்டெஸ்ட் இதற்காகவே இருக்கிறது. ஸ்ஃபிங்ஸில் எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டால் நீக்கிய ஃபங்ஷனைச் சுட்டும் குறுக்கிணைப்புகளை, சரியாக அமைத்திருந்தால், அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னும் நல்லது, ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதாமல் இருப்பது. மோட்ஃப்ளோவின் ஆறாவது பதிப்பில் ஒவ்வொரு உள்ளீட்டு மாறியின் பெயர், வகை, விளக்கம் எல்லாம் வரையறைக் கோப்புகளில் ஒருமுறை எழுதப்படுகின்றன. உள்ளீட்டுக் கையேட்டின் விளக்கங்களும், அதை பைத்தானிலிருந்து இயக்க உதவும் ஃப்ளோபையின் வகுப்புகளும் அந்தக் கோப்புகளிலிருந்தே உருவாகின்றன. ஆவணமும் நிரலும் ஒன்றையொன்று மறுக்கவே வாய்ப்பில்லாமல் செய்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆவணத்தில் சரியாக இருந்தும் யாரும் சரிபார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைச் சொல்ல வேண்டும். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கை பவுண்டு–விநாடியில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன்–விநாடி என்று எடுத்துக்கொண்டது, 4.45 மடங்கு வித்தியாசம். இடைமுக ஆவணத்தில் மெட்ரிக் அலகு என்றுதான் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியதை நிரல் மதிக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைதான் இல்லாமல் போனது. ஆகவே அலகு பற்றி ஆவணத்தில் ஒரு வரி எழுதினால் அதைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட்டையும் கூடவே எழுதுங்கள்.

பழைய ஆவணத்தை என்ன செய்வது என்று கேட்டால், தவறான பக்கங்களை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். திருத்தும்வரை இருக்கட்டும் என்று வைத்திருக்காதீர்கள். மிச்சமிருக்கும் நல்ல பாதியை வைத்துக்கொண்டு, யாராவது கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்தப் பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல் பக்கமாக எழுதி இணைப்பை அனுப்புங்கள்.

கேள்வி: சூழலியலில் முகவர் அடிப்படை மாடல்கள் எழுதுகிறேன். ஒவ்வொரு விலங்கும் தனித்தனியாக முடிவெடுக்கும் மாடல். சமன்பாடுகள் குறைவு, விதிகள் அதிகம். இதை எப்படி எழுதுவது?

உங்கள் துறைக்குத் தயாராக ஒரு நெறிமுறையே இருக்கிறது, ஓடிடி (ODD) என்று பெயர். வோல்க்கர் கிரிம்மும் பல சூழலியலாளர்களும் சேர்ந்து 2006இல் வெளியிட்டார்கள், 2010இலும் 2020இலும் திருத்தினார்கள். மாடலின் நோக்கம், அதில் வரும் உருப்படிகளும் அவற்றின் நிலை மாறிகளும், செயல்முறைகளும் அவற்றின் வரிசையும், வடிவமைப்புக் கருத்துகள், தொடக்க நிலை, உள்ளீட்டுத் தரவு, துணை மாடல்கள் என்று ஏழு பகுதிகள், எப்போதும் இதே வரிசையில்.

வரிசை பற்றிய பகுதியில் நேரம் செலவழியுங்கள். எல்லா விலங்குகளும் ஒரே நேரத்தில் முடிவெடுக்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? ஒன்றன்பின் ஒன்றாக என்றால் ஒவ்வொரு முறையும் வரிசை கலைக்கப்படுகிறதா, அல்லது முதலில் பிறந்தது எப்போதும் முதலில் சாப்பிடுகிறதா? கடைசியாகச் சொன்னதை நிரலில் தெரியாமல் விட்டுவிட்டு, மூத்த விலங்குகள் அதிக நாள் வாழ்கின்றன என்று உயிரியல் முடிவு எழுதும் அபாயம் நிஜமாகவே இருக்கிறது.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். திட்டமோ உலகம் முழுக்க இருப்பவர்கள் சேர்ந்து செய்வது. நான் ஆவணம் எழுதலாமா?

எழுதுங்கள். படிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அது இரண்டாம் மொழிதான், சின்னச் சின்ன வாக்கியம் அவர்களுக்கும் வசதி. இலக்கணத்தைத் திருத்த அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். எந்த அளவில் மாடல் உடைகிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவராக இருக்கலாம்.

கேள்வி: ஆவணம் எழுதினால் எனக்கு என்ன கிடைக்கும்? பதவி உயர்வுக் குழு கட்டுரைகளைத்தான் எண்ணுகிறது.

உண்மை, பல இடங்களில் இன்னும் அப்படித்தான். அது மாறும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. 2016இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்ற ஆய்விதழ், மென்பொருளையே மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. நிறுவும் முறை, பயன்பாட்டு உதாரணம், ஃபங்ஷன்களின் விளக்கம், பரிசோதனைகள், பங்களிக்க விரும்புபவர்களுக்கான வழிகாட்டுதல் எல்லாம் இருக்கிறதா என்று மதிப்பாய்வாளர்கள் பொதுவிலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். நல்ல ஆவணம் இருந்தால் பாதி வேலை முடிந்தது, கட்டுரையும் சில பக்கங்கள்தான். களஞ்சியத்தில் மேற்கோள் கோப்பு ஒன்றைப் போட்டு, ஆவணம் எழுதியவர்களின் பெயரையும் ஆசிரியர்களாகச் சேருங்கள். ஆய்வு வெளியீடுகளைச் சேமித்து வைக்கும் ஜெனோடோ தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் நிரந்தர அடையாள எண் கிடைக்கும், அதைப் பிறர் மேற்கோள் காட்ட முடியும்.

ஆனால் பதவி உயர்வை விட்டுவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கொரோனா மாடல் அரசுகளின் முடிவுகளோடு பேசப்பட்டபோது, அதை எழுதிய நீல் ஃபெர்குசன், அது 13 வருடங்களுக்கு முன் ஃப்ளூவுக்காக எழுதிய, விளக்கமில்லாத ஆயிரக்கணக்கான வரி சி நிரல் என்று வெளிப்படையாகச் சொன்னார். நிரல் சீரமைக்கப்பட்டு வெளியானதும் உலகம் முழுவதிலுமிருந்து கடுமையான விமர்சனம். பிறகு கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் எக்லன் தனியாக ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகளை மறுபடி பெற முடிகிறது என்று அதே ஆண்டு சான்று கொடுத்தார். மறுபடி பெறக்கூடிய முடிவுகள்தான், ஆனாலும் மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட விவாதத்தின் நடுவில் நிரலின் தரம் பற்றிய சண்டையில் எவ்வளவு நேரம் போனது! எந்த மாடல் எப்போது அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்படும் என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது.

கேள்வி: எங்கள் மாடலில் குறைகள் இருக்கின்றன. செங்குத்தான சரிவுகளில் விடை நம்பும்படி இல்லை. இதை ஆவணத்தில் எழுதினால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்கிறார் குழுத் தலைவர். எழுதலாமா வேண்டாமா?

கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் குறை இருக்கத்தான் செய்யும், அதை ஒருவர் தன் முடிவுகளை வெளியிட்ட பிறகு கண்டுபிடிப்பார், அப்போது உங்கள் மாடலின் மற்ற பகுதிகளையும் சேர்த்து நம்பாமல் போவார். லாம்ப்ஸின் கையேட்டில் கட்டளைகளுக்கான பக்கங்களில் தொடரமைப்பு, உதாரணம், விளக்கம் இவற்றுக்கு அடுத்து ‘கட்டுப்பாடுகள்’ என்று ஒரு தலைப்பு வருகிறது, எதனோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, எந்த நிலையில் வேலை செய்யாது என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். சொல்ல எதுவும் இல்லாவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று போடுகிறார்கள். அதனால் யாரும் அதைப் பயன்படுத்தாமல் விடவில்லை.

எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். ‘செங்குத்தான சரிவுகளில் கவனம் தேவை’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. எத்தனை டிகிரி வரை சோதித்தீர்கள், எந்த அளவீட்டோடு ஒப்பிட்டீர்கள், அதற்கு மேல் போனால் விடை எந்தப் பக்கம் விலகுகிறது, கூடுதலாகவா குறைவாகவா, காரணம் தெரியுமா, கட்டத்தைச் சிறிதாக்கினால் சரியாகிறதா என்று எழுதுங்கள். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்று எழுதுங்கள், அதுவும் பயனுள்ள தகவல்தான், ஒரு மாணவர் அதையே தன் ஆய்வாக எடுத்துச் செய்யக்கூடும். இந்தப் பக்கத்தைக் கடைசியில் பின்னிணைப்பாகத் தள்ளாமல், நிறுவும் முறைக்கு அடுத்த பக்கமாக வையுங்கள். அந்தச் சரிவைக் கணக்கிடும் ஃபங்ஷனின் குறிப்புகளிலிருந்தும் அதற்கு ஒரு இணைப்புக் கொடுத்துவிடுங்கள், டெவலப்பர்கள் முகப்புப் பக்கத்தைவிட நிரலைத்தான் முதலில் திறப்பார்கள்.